காற்றுமூடிக் குடுவை: வாங்கலாமா?

தாவர செல் கல்ச்சருக்கென்று (தாவர செல்களைத் திரவ ஊட்டக் கரைசலில், அதாவது ஊடகத்தில், வளர்ப்பதற்கு) விற்கும் 250 மில்லி பாலிகார்பனேட் குடுவை இது. தட்டை அடி, மூடியில் காற்று போய்வர 0.2 மைக்ரான் துளையுள்ள, நீர் ஒட்டாத சவ்வு. பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு வாங்கத் தகுந்ததுதான். ஆனால் ஆக்சிஜன் பற்றாக்குறையை மூடி ஒன்றே தீர்த்துவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

பற்றாக்குறை பெரும்பாலும் மூடியில் இல்லை, ஊடகத்தின் ஆழத்தில்தான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். செல்கள் இழுக்க இழுக்க, மேற்பரப்பு வழியாக அது மீண்டும் இறங்க வேண்டும். எனவே இந்தக் குடுவைக்கு 50 மில்லி எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) ஊடகம், குடுவையைச் சுழற்றிக் குலுக்கும் ஷேக்கரில் நிமிடத்துக்கு 110 முதல் 130 சுற்று. 100 மில்லி ஊற்றிவிட்டு மூடியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வேகத்தைக் கண்டபடி கூட்டினாலும் ஆபத்து: பெரிய வாக்குவோல் (செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பை) கொண்ட செல்கள் கிழியும், மிச்சம் கண்ணாடிக் குடுவையில் ஒட்டுவதுபோல இங்கே பிளாஸ்டிக்கிலும் வளையமாக ஒட்டும். உள்ளே தடுப்பு வரிகள் உள்ள ரகத்தை இதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம், நுரையும் அதிகம்.

மூடியின் உண்மையான லாபம் ஒரே சீரான காற்று. மூடிக்குப் பதில் சுற்றும் அலுமினியத் தாளை ஒருவர் இறுக்குவார், ஒருவர் தளர விடுவார்; வளர்ச்சியும் குடுவைக்குக் குடுவை மாறும். பஞ்சு அடைப்பு காற்றை நன்றாக விடும், ஆனால் நம் ஊர் ஈரத்தில் நனைந்தால் பூஞ்சைக்கு அதுவே வழி.

சவ்வுக்கு எமன் எத்தனால். 70 சதவீத எத்தனாலால் துடைத்தால் சவ்வு நனைந்துவிடும். உலரும்வரை நீரைத் தடுக்காது, ஊடகம் தெறித்தால் துளைக்குள் புகுந்து அடைக்கும். மூடியின் பக்கவாட்டை மட்டும் துடையுங்கள். கிருமி நீக்க, அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 20 நிமிடம், மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி. சவ்வு உலர்ந்த பிறகே இறுக்க வேண்டும். மூடியின் மேல் பாராஃபிலிம் (இழுத்து ஒட்டும் மெழுகுத் தாள்) சுற்றுவோரும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய துளையை எதற்கு அடைப்பது?

குறைகள்: ஏர்கான் அறையில் ஊடகம் சுண்டும். தொடக்க எடையைக் குறித்துவைத்து, குறைந்த அளவுக்குக் கிருமிநீக்கிய நீரைச் சேர்க்கலாம். அடிக்கடி ஆட்டோகிளேவ் செய்தால் பாலிகார்பனேட் மங்கி, நுண்விரிசல் விடும். காரச் சோப்பு அதை விரைவாக்கும். விதைக்கும் செல் குறைவாக இருந்தால் அதிகக் காற்றும் கெடுதல்தான், கார்பன்டையாக்சைடு வெளியேறி வளர்ச்சி தாமதமாகும்.

திருகுக் கழுத்துக் கண்ணாடிக் குடுவை ஏற்கெனவே இருந்தால், கழுத்தளவு பார்த்து மூடியை மட்டும் வாங்குவது மலிவு.