அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை சாவி கேட்டால் லேப்டாப்பைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள்

விண்டோஸ் அப்டேட் முடிந்து லேப்டாப் மறுபடி ஆன் ஆகும்போது, ‘பிட்லாக்கர் ரெக்கவரி’ என்ற தலைப்போடு நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறதா? பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸின் வசதி, அந்த எண்தான் அதன் சாவி. அந்தத் திரை வந்ததால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வைரஸும் பூட்டவில்லை. உங்கள் ஃபைல்கள் உள்ளே அப்படியே பூட்டப்பட்டு இருக்கின்றன, அவ்வளவுதான். அந்த எண்ணைத் தேடிப் பார்க்கும்வரை ஃபார்மேட் செய்ய யாரையும் விடாதீர்கள். என் அக்காவுக்கு இதைச் சொல்ல அன்று பக்கத்தில் ஆளில்லை. அவள் கடையில் பணத்தையும் கொடுத்து, பல வருட வேலையையும் இழந்தாள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. 2024 ஜூலையில் ஒரு நாள் இரவு லேப்டாப் அப்டேட் போட்டுக்கொண்டது, காலையில் திறந்தால் இந்தத் திரை. அதை போனில் படம் எடுத்து, கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்ன கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். உடனே கொண்டு வரச் சொன்னார்கள்.

அந்த வாரம்தான் உலகம் முழுக்க நீலத் திரை செய்தி. ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய பழுதான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர் அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டார். “நியூஸ்ல பாத்தீங்கள்ல டீச்சர், அதேதான் இது. ஹார்ட் டிஸ்க் லாக் ஆயிருச்சு. ஃபார்மேட் அடிச்சு புதுசா ஓஎஸ் போடணும். டேட்டா எடுக்கத் தனி சார்ஜ்” என்றிருக்கிறார்.

இது முழுப் பொய். கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் பெரிய நிறுவனங்களின் கணினிகளில் இருப்பது. கடையில் வாங்கி வீட்டில் வைத்திருக்கும் லேப்டாப்பில் அது இருக்காது. அந்தச் சம்பவம் விண்டோஸ் அப்டேட்டால் நடந்ததும் அல்ல. வீட்டு லேப்டாப்புகளில் பிட்லாக்கர் திரை வந்ததற்கு வேறொரு காரணம் அதே மாதம் வெளியாகியிருந்தது. ஜூலை 9 அன்று வந்த பாதுகாப்பு அப்டேட்டைப் போட்ட சில கணினிகள் இந்தத் திரையில் போய் நிற்கலாம் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. ஆகஸ்ட் 13 அப்டேட்டில் அதைச் சரிசெய்தது. கணினித் தொழில் செய்பவருக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

விண்டோஸ் போட 1,500, டேட்டா ரெக்கவரிக்கு 4,000 ரூபாய். பில் கிடையாது. திருப்பிக் கொடுக்கும்போது “ரொம்ப ட்ரை பண்ணோம் டீச்சர், டேட்டா வரல” என்று சொல்லிவிட்டு அந்த 4,000 ரூபாயையும் வைத்துக்கொண்டார்கள்.

நான் ஊருக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் போனில் அக்காவின் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, ‘டிவைசஸ்’ பகுதிக்குள் போனேன். அவள் லேப்டாப்பின் பெயருக்கு நேரே அந்த 48 இலக்க எண் இருந்தது. பக்கத்தில் ‘கீ ஐடி’ என்ற அடையாளக் குறியீடு. வாட்ஸ்அப்பில் இருந்த நீலத் திரைப் படத்திலும் அதே குறியீடு. முதல் எட்டு எழுத்தும் அப்படியே பொருந்தின. அதே படத்தில் சாவியை எந்த இணைய முகவரியில் தேட வேண்டும் என்பதும் எழுதியிருந்தது. அதைப் படித்து அக்காவிடம் “உங்க மெயில் ஐடி என்ன?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்போது வீட்டையே இடித்துவிட்டு, இடித்த கூலியையும் வாங்கிக்கொண்ட கதை இது.

ஃபார்மேட் செய்து மேலே புதிதாக விண்டோஸ் எழுதிய பிறகு அந்தச் சாவி கையில் இருந்தும் பயனில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு அக்கா பல வருடமாகத் தொகுத்த வினாத்தாள்கள், மாணவிகளோடு சிறுமலைக்குப் போய் எடுத்த செடிகளின் படங்கள், குறிப்புகள் எல்லாம் போய்விட்டன.

இந்தப் பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது வரும் பெரும்பாலான விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனதுமே டிஸ்க் முழுக்கப் பூட்டப்படுகிறது. ஹோம் பதிப்பில் இதற்கு ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று பெயர். லேப்டாப் திருட்டுப் போனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். சாவியை மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சிப் காக்கிறது. கணினி தொடங்கும் விதம் மாறினால், உதாரணமாக கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் அப்டேட் ஆனால், அந்தச் சிப் சந்தேகப்பட்டு உங்களிடம் சாவி கேட்கும். லேப்டாப் வாங்கும் நாளில் “உங்கள் டிஸ்க்கைப் பூட்டியிருக்கிறோம், சாவி இந்த இடத்தில் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்” என்று தெளிவாக யாரும் சொல்வதில்லை. இந்தக் கோபம் எனக்கு மைக்ரோசாஃப்ட் மீதும் உண்டு.

நம் ஊரில் இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புது லேப்டாப் வாங்கும்போது கடைப் பையனே அவசரமாக ஒரு மெயில் ஐடி உருவாக்கி எல்லாவற்றையும் செட் செய்து கையில் கொடுத்துவிடுவான். அப்படியானால் சாவி அந்தக் கணக்கில்தான் போய் உட்கார்ந்திருக்கும். அந்த மெயிலும் பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆபீஸோ கல்லூரியோ கொடுத்த கணக்கில் உள்ளே போயிருந்தால், சாவி அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கலாம். எங்கேயுமே சாவி இல்லையென்றால் பூட்டிய டிஸ்க்கை எந்தக் கடையாலும் திறக்க முடியாது. “சாவி இல்லாமலே டேட்டா எடுத்துத் தர்றோம்” என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

கடை செய்த கெடுதல் டேட்டாவோடு நிற்கவில்லை. லேப்டாப் வாங்கியபோது அதில் ஒரிஜினல் விண்டோஸ் ஹோம் இருந்தது. அதன் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். இவர்கள் போட்டிருந்ததோ ப்ரோ பதிப்பு. ஆக்டிவேஷன் பக்கத்தில், இது ‘உங்கள் நிறுவனத்தின்’ ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது என்று இருந்தது. அக்காவுக்கு எந்த நிறுவனம்? கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை இயக்கும் திருட்டு வழி, போட்டிருக்கிறார்கள். கிராக்கை விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்று சி டிரைவ் முழுவதையும் அதன் சோதனையிலிருந்து விலக்கியிருந்தார்கள். ஒரிஜினல் லைசென்ஸ் உள்ள லேப்டாப்பில் வைரஸ் காவலை எடுத்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

விண்டோஸ் அப்டேட்டையும் அடியோடு நிறுத்தியிருந்தார்கள். “இனிமே அப்டேட் தொல்லையே வராது டீச்சர்” என்று அதை ஒரு சலுகைபோலச் சொன்னாராம். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளையும் அலுவலகங்களையும் முடக்கியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஒரு அப்டேட் தொந்தரவு கொடுத்தது என்று அத்தனையையும் நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து.

எல்லாவற்றையும்விட என்னைப் பதறவைத்தது எனிடெஸ்க். தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது லேப்டாப் ஆன் ஆகும்போதே தானாகத் தொடங்கும்படியும், இந்தப் பக்கம் யாரும் அனுமதி கொடுக்காமலே பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரும்படியும் வைக்கப்பட்டிருந்தது. மாமா நெட் பேங்கிங் பார்ப்பதும் அதே லேப்டாப்பில்தான். கடைக்காரரை போனில் கூப்பிட்டேன்.

“அண்ணே, எனிடெஸ்க் எதுக்கு இருக்கு?”

“சர்வீஸுக்குத்தான் சார். ஏதாச்சும் பிரச்சினைன்னா நீங்க அலைய வேணாம், நாங்களே இங்கருந்து பாத்துருவோம்.”

“அதுல பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?”

“கடைப் பசங்களுக்குத் தெரியும் சார். எல்லாக் கஸ்டமருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், ஞாபகம் இருக்கணும்ல.”

தப்பு என்ற உணர்வே அவர் குரலில் இல்லை. அந்தக் கடையில் வேலை பார்த்து விலகிய எந்தப் பையனும் ஊரில் எத்தனையோ வீட்டு லேப்டாப்புகளுக்குள் இன்றும் போகலாம். உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இன் கீழ் வரும் என்று சொன்னதும் குரல் மாறியது. டேட்டா ரெக்கவரிக்கு வாங்கிய 4,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். 1,500 வரவில்லை.

அன்றே லேப்டாப்பை வைஃபையிலிருந்து துண்டித்தோம். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மாமாவின் போனிலிருந்து மாற்றினோம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய விண்டோஸை வேறொரு கணினியில் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கை முழுதும் அழித்துவிட்டுப் போட்டேன். ஹோம் பதிப்பு எந்தச் சாவியும் கேட்காமல் தானே ஆக்டிவேட் ஆனது. ஒரு ரூபாய் செலவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, நிறையப் பேர் விண்டோஸ் 11 போடக் கடைக்குத்தான் போகிறார்கள். பிட்லாக்கர் திரையும் 2024-ஓடு போய்விடவில்லை. 2025 மே மாத அப்டேட்டுக்குப் பிறகு சில விண்டோஸ் 10 கணினிகளில் மறுபடி வந்தது. 2025 அக்டோபர் அப்டேட்டில் வேறொரு கோளாறு: பழுது பார்க்கும் ரெக்கவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. ஆறு நாளில் சரிசெய்தார்கள். அதற்குள் அதைப் பார்த்து “மதர்போர்டு போச்சு” என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போம்.

ஆகவே இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, ஆர்சி புக், பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே சேமித்தால் பூட்டிய அன்று உதவாது. முக்கியமான ஃபைல்களுக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். அப்டேட்டை ஒத்திப்போட வேண்டுமானால் செட்டிங்ஸில் ஐந்து வாரம்வரை நிறுத்தி வைக்கலாம், அதற்குக் கடை தேவையில்லை. ‘ப்ரிவியூ’ என்று வரும் முன்னோட்ட அப்டேட்டை விட்டுவிடலாம். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் வெளியாகும் பாதுகாப்பு அப்டேட்டை விடாதீர்கள்.

திரை உறைந்தால் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேட வேண்டாம். அங்கே விளம்பரமாக வரும் எண்களில் ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. அப்படி அழைத்து யாராவது உள்ளே புகுந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே கடையில் கொடுத்து வாங்கியவர்கள் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘நிறுவனம்’ என்ற பேச்சு, டிஃபெண்டரில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற விலக்குப் பட்டியல், விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்பது, நீங்கள் போடாத எனிடெஸ்க் அல்லது அதேபோன்ற டீம்வியூவர். ஏதாவது இருந்தால் படம் எடுத்துவிட்டு நெட்டைத் துண்டியுங்கள். பில் தராத கடை மீதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பணம் அனுப்பிய யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.