கெர்னல் ஹெட்டரும் ஒரு வைஃபை டாங்கிளும்: டெபியனில் என் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ரவுட்டர் கீழே, கம்ப்யூட்டர் மாடியில். கேபிள் இழுக்க வழியில்லாததால் புதுச்சேரியில் ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். உள்ளே இருப்பது 8821சியூ சிப். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பில் வரும் 6.1 கெர்னலில் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) அதற்கு டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் நிரல், கிடையாது; 6.2-இல்தான் கெர்னலுக்குள் சேர்ந்தது. ஆகவே டிரைவரின் மூலநிரலை வெளியிலிருந்து எடுத்து நாமே கம்பைல் செய்ய வேண்டும், அதாவது ஓடும் வடிவத்துக்குக் கட்ட வேண்டும். டெபியன் 13-க்கு மாறும்வரை அப்படித்தான் ஓட்டினேன்.

இதில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "கெர்னல் மூலநிரலை எங்கே இறக்குவது?" என்பதுதான். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. ஜிபிஎல் உரிமம் இருப்பதால் முழு மூலநிரலும் யாருக்கும் கிடைக்கும், சரி. ஆனால் 6.1-இன் சுருக்கிய கோப்பே 130 எம்பிக்கு மேல். விரித்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். டெபியன் தன் கெர்னலைக் கட்டியபோது உருவான மாட்யூல்.சிம்வெர்ஸ் என்ற பட்டியலும் (டிரைவர்கள் அழைக்கக்கூடிய கெர்னல் செயல்கூறுகளின் பட்டியல்) அதில் இருக்காது. அந்தப் பட்டியல் இருப்பது ஹெட்டர் பேக்கேஜில், அதாவது கெர்னலுக்குப் பொருந்துமாறு டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள் மட்டும் அடங்கிய தொகுப்பில். தையல்காரரிடம் அளவுச் சட்டையைக் கொடுத்தால் போதும், ஆளே போய் நிற்க வேண்டியதில்லை. ஹெட்டர் அந்த மாதிரி.

அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். டெர்மினலில் 'யூநேம் -ஆர்' என்று தட்டினால் இப்போது ஓடும் கெர்னலின் முழுப் பெயர் வரும். அதே பெயருக்கான ஹெட்டர்தான் வேண்டும். பலரும் அந்தப் பெயரை அப்படியே ஒட்டி, அந்த ஒரு பதிப்புக்கான ஹெட்டரை மட்டும் நிறுவிக்கொள்கிறார்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். அடுத்த பாதுகாப்பு அப்டேட்டில் கெர்னல் மாறும், ஹெட்டர் பழையதாகவே நிற்கும். 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதுப் பேக்கேஜைப் போட்டால் கெர்னலோடு ஹெட்டரும் சேர்ந்தே வரும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைப் பார்த்து டிரைவரைத் தானே திரும்பக் கட்டிவிடும். இத்தனை நாளில் எனக்கு அதிகம் உதவியது இந்த ஒரு பேக்கேஜ்தான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் திரும்பியதும் பக்கத்துத் தெரு டிடிபி கடை அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "என்ன தம்பி இது, மழைக்கு முன்னாடி நல்லா ஓடுச்சே!" அவருடையதும் இதே சிப். புயலுக்கு முன்பே கெர்னல் அப்டேட் ஆகியிருக்கிறது. அப்புறம் இப்போதுதான் மறுபடி ஆன் செய்திருக்கிறார். லிப்-மாட்யூல்ஸ் அடைவுக்குள் புதிய கெர்னலின் பெயரில் இருந்த அடைவைப் பார்த்தேன். ஹெட்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் 'பில்ட்' இணைப்பையே காணோம். ஹெட்டர் இல்லை என்று அர்த்தம். வைஃபை இல்லாமல் ஹெட்டரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்தோம். அதற்குத் தனி டிரைவர் வேண்டாம். இருபது எம்பிக்குள் ஹெட்டர் இறங்கியது. டிகேஎம்எஸ் ஓடி முடிந்ததும் டாங்கிளில் விளக்கு எரிந்தது. "டீ சொல்லட்டுமா?" என்றார் அண்ணன்.

நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரை ஏறவிடாத செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆனில் இருந்தால் இன்னொரு படி உண்டு. டிகேஎம்எஸ் உருவாக்கும் கையொப்பச் சாவியை மோக்யூட்டில் என்ற கட்டளை மூலம் பதிவு செய்து ரீபூட் செய்ய வேண்டும். அப்போது வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் கட்டப்பட்டும் ஏறாது.

இவ்வளவுக்கும் பிறகு, வெளி டிரைவரை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறிக்கொண்டே இருக்கும், அதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. 6.15-இல் டெல்_டைமர் என்ற பழைய செயல்கூறின் பெயரையே எடுத்துவிட்டு டைமர்_டெலீட் என்று மாற்றினார்கள். அதைத் திருத்த ஆளில்லாத டிரைவர் அத்தோடு நின்றுவிடும். ஹெட்டர் எவ்வளவு சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. டாங்கிள் வாங்கும்போது பெட்டியில் 'லினக்ஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அதன் சிப் எண்ணைக் கேட்டு அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்ப்பது மேல். கடையில் பெரும்பாலும் தெரியாது என்பார்கள், அது வேறு விஷயம்.

2025-இல் வந்த டெபியன் 13-இல் இருப்பது 6.12 கெர்னல். வெளி டிரைவரை நீக்கிவிட்டு டாங்கிளைச் செருகினேன், எதையும் கட்டாமலே இணைந்தது. வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் தன் கெர்னல் மாட்யூல்களைக் கட்டிக்கொள்ள ஹெட்டர் தேவைப்படுவதால் அந்தப் பேக்கேஜை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.