கிளினிக்கலா, கவுன்சலிங்கா? பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர்களுக்கு

பி.எஸ்சி. சைக்காலஜி முடித்த கையோடு யாரும் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. மேலே படித்தே ஆகவேண்டும். பெரும்பாலும் கண்ணில் படுவது மூன்று வழி: எச்.ஆர்., கிளினிக்கல், கவுன்சலிங். எச்.ஆர். பக்கம் போகிறவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் சீக்கிரம் வரும், ஆனால் அதே வேலைக்கு எம்.பி.ஏ.க்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். குழப்பமெல்லாம் மற்ற இரண்டில்தான்.

கிளினிக்கல், அதாவது மனநலப் பிரச்சினைகளைச் சோதித்துக் கண்டறிந்து மருந்தில்லாமல் சிகிச்சை தருவது, நீண்ட வழி. எம்.எஸ்சி.க்கு மேல், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டு வருட முழுநேரப் பயிற்சி என்பதுதான் பழகிய பாதை. 18 வயதில் கல்லூரிக்குள் நுழைந்தால், முடிக்கும்போது 25. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் சீட்டும் கொஞ்சம்தான். அந்தப் பயிற்சிக்கு எம்.ஃபில். என்று பெயர், மற்ற பாடங்களில் எம்.ஃபில். நின்றபோதும் இதற்கு மட்டும் 2025-26 வரை யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அவகாசம் கொடுத்தது. இனி எந்தப் பெயரில் வந்தாலும், கவுன்சில் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஃபீஸ் கட்டாதீர்கள். இத்தனை படித்தும் மருந்து எழுத முடியாது. அது மருத்துவம் படித்த சைக்கியாட்ரிஸ்ட் வேலை.

பயிற்சியில் ஒரு நாள் எப்படி இருக்கும்? எதிரே ஐந்து வயதுக் குழந்தை, நடுவில் அறிவு வளர்ச்சியைச் சோதிக்கும் செகுவின் பலகை. வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று 10 மரத்துண்டுகளை அதனதன் குழியில் வைக்க வேண்டும். மூன்று தடவை, கையில் ஸ்டாப்வாட்ச். பக்கத்தில் அம்மா, "அது அங்கே இல்லடா" என்று சொல்லிவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பார். நீங்கள் எழுதப்போகும் ரிப்போர்ட்டைத்தான் அவர் கையில் வாங்கிக்கொண்டு போவார்.

கவுன்சலிங் என்றால் எம்.எஸ்சி. முடித்ததும் வேலைக்குப் போகலாம். நான் போனதும் இதே வழிதான். முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்தில். எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்தப் பீரியடு என் தலையில் விழும். பேச வேண்டும் என்று வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் வராந்தாவில் காத்திருக்க, நான் உள்ளே கணக்கு வகுப்பைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த வேலையில்தான் பேசக் கற்றேன், பேசாமல் இருக்கவும்.

தபாலில் படித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பிருந்தால் விட்டுவிடுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்த யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது.

25 வயது வரை வீடு தாங்கும் என்றால் கிளினிக்கல்தான் என் ஓட்டு. தாங்காது என்றால் கவுன்சலிங். சேரும்போதே சப்ஸ்டிட்யூஷன் பீரியடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.