மட்டக்களப்பா, கல்முனைப் பக்கமா: குடும்பம் தொடங்குகிறவர்களுக்கு

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தவர்கள் எங்கே குடியிருப்பது என்ற கேள்வியே முன்பு கிடையாது. பெண்ணுக்குச் சீதனமாக எழுதிய வளவும் வீடும் எந்த ஊரிலோ, மாப்பிள்ளை அந்த ஊருக்குப் போவார். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியிலும் அதுதான் வழக்கம். இருவருமே படித்து இருவருமே வேலைக்குப் போகிற இந்தக் காலத்தில் அந்தப் பதில் எல்லாருக்கும் சரிவருவதில்லை. கொழும்பிலேயே இருந்துவிடுவதா, மட்டக்களப்பு நகரத்துக்கு வருவதா, கல்முனைப் பக்கம் அம்மா வீட்டோடு இருப்பதா என்று யோசிக்கிற சோடிகள் நிறையப் பேர். நாங்கள் மூன்றிலும் இருந்திருக்கிறோம். கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு நான்கு வருடம், கல்முனைக்குப் பக்கத்துக் காரைதீவில் அம்மா வீட்டில் மூன்று வருடம், அதற்குப் பிறகு மட்டக்களப்பு நகரத்தோடு சேர்ந்த கல்லடி.

கொழும்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்கியல், மென்பொருள், பெரிய கம்பனி வேலை என்றால் சம்பளமும் பதவி உயர்வும் அங்கேதான். என் கணவர் தொழில் பழகியதும் அங்கேதான். ஆனால் இரண்டு அறை வீட்டு வாடகை ஒரு சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருவரில் ஒருவர் லீவு போட வேண்டும். தனியாக இருக்கும்போது சேர்க்கக்கூடியதைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளை வரும்போது ஊருக்குத் திரும்புவது நல்லது என்பது என் எண்ணம்.

திரும்புவது என்று முடிவெடுத்த அன்று அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா, மறுகா புள்ளைய ஆருகா பாக்கிற?" கல்முனைப் பக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி அது. அரச ஊழியையான எனக்கு முழுச் சம்பளத்தோடு கிடைத்த பிரசவ விடுமுறை 84 வேலை நாள். அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் 84 நாள் எடுக்கலாம். வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் அந்த இரண்டாவது, மூன்றாவது கட்டத்துக்குப் போக யோசிப்பார்கள். காரைதீவில் பிள்ளை அம்மம்மா மடியில் இருந்தது. நான் முழுச் சம்பளத்தில் வேலைக்குத் திரும்பினேன். அந்த மூன்று வருடத்தில் எங்களிடம் சேர்ந்த காசு, வெள்ளவத்தையில் நான்கு வருடம் இருந்தும் சேரவில்லை.

சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கும் அந்தப் பக்கம்தான் சரி. கல்முனை வியாபாரப் பட்டினம். மருதமுனையில் கைத்தறி, சம்மாந்துறையில் நெல்லும் அரிசி ஆலைகளும், தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். கடை, அச்சகம், ரியூஷன் வகுப்பு எதைத் தொடங்கினாலும் ஆள் வரும். வைத்தியசாலைக்கும் குறைவில்லை. வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று பெரிதாக இரண்டு அரச வைத்தியசாலைகள் கிட்டக்கிட்ட இருக்கின்றன.

அங்கே என்னை வருத்தியது இரண்டு விடயம். ஒன்று, 1961இல் கல்முனைப் பக்கத்தையும் சேர்த்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்ததிலிருந்து கச்சேரி (மாவட்டச் செயலகம்) அலுவல் என்றால் அம்பாறை நகரத்துக்குப் போக வேண்டும். சிங்களம் தெரியாதவர்களுக்கு அங்கே ஒரு சின்ன வேலை முடிப்பதே பாடு. தமிழில் கொடுத்த கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்து, அதை வாசிக்க ஆள் தேடி அலைந்திருக்கிறேன். மட்டக்களப்பில் இந்தக் கஷ்டம் இல்லை. இரண்டாவது, பயணம். கணவருக்கு வேலை மட்டக்களப்பு நகரத்தில். காரைதீவிலிருந்து 40 கிலோமீற்றருக்கு மேல். களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் ஒரு வழிக்கே ஒன்றரை மணித்தியாலம். விடிய வெளிக்கிட்டால் இரவுதான் திரும்புவார். மகள் விழித்திருக்கும்போது அப்பாவைக் கண்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

மட்டக்களப்பு நகரத்தில் வேலை என்றால் பெரும்பாலும் அரச வேலை, வங்கி, தொண்டு நிறுவனம். போதனா வைத்தியசாலை நகரத்திலேயே இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். சுகாதாரம், கல்வி இரண்டிலும் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிழக்கில் இல்லை. தனியார் துறை மெலிவுதான், அதை மறைக்கக் கூடாது. என் கணவருக்குக் கொழும்பில் கிடைத்ததைவிட இங்கே சம்பளம் குறைவு. கொழும்புக்கு இரவு ரயில் இருப்பதால் மாதம் ஒரு தடவை போய்வர வேண்டிய வேலையைச் சமாளிக்க முடிகிறது. அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் பாதையே இல்லை.

ஆசிரியர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புது நியமனம் பெரும்பாலும் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பாடசாலைக்குத்தான் விழும். 2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன் அங்கே 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். இப்போது கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் வீடு இருந்தால் கொக்கட்டிச்சோலைக்கு ஸ்கூட்டரில் போய் மாலையில் வந்துவிடலாம். இடமாற்றம் எந்தப் பக்கம் வந்தாலும் வீட்டை மாற்ற வேண்டியதில்லை.

பாடசாலைக் கணக்குத்தான் பலர் பிந்திப் பார்ப்பது. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது, வின்சன்ட் 1820இல், புனித மிக்கேல் 1873இல். பிள்ளையை இப்படியான ஒரு பாடசாலையில் விட வேண்டும் என்ற ஆசையில்தான் பாதிப் பேர் நகரத்துக்கு வருகிறார்கள். தரம் 1 அனுமதியில் கிட்ட இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில், வாக்காளர் இடாப்பில் முந்தைய ஐந்து வருடமும் உங்கள் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். பிள்ளை பாடசாலைக்குப் போவதும் ஐந்து வயது முடிந்த பிறகுதான். அப்படியென்றால் பிள்ளை பிறக்கும் வருடமே முகவரி முடிவாகியிருக்க வேண்டும். நாங்கள் மகளுக்கு மூன்று வயதாகும்போதுதான் கல்லடிக்கு வந்தோம். அதனால் இழந்த புள்ளிகள் திரும்பி வரவில்லை.

நகரத்துக்குள் காணி விலை கட்டுப்படியாகாதவர்களுக்குச் செங்கலடிப் பக்கத்தைத் தயங்காமல் சொல்வேன். 15 கிலோமீற்றர் அளவுதான். பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் நகரத்தைவிட அதுவே வசதி. பதுளை வீதி பிரிவதும் அங்கேதான், அடுத்த ஊரான ஏறாவூரில் ரயில் நிற்கும். ஆனால் சொந்த உறுதி உள்ள காணியா, அரசு பர்மிட்டில் கொடுத்த காணியா என்று முதலில் கேளுங்கள். பர்மிட் காணியை ஈடு வைத்து வங்கிக் கடன் எடுப்பது பெரும் இழுபறி.

அம்மாவோ மாமியோ பிள்ளையைப் பார்க்க இருக்கிறார்கள், வேலையும் கல்முனைப் பக்கம் என்றால் அங்கேயே இருங்கள். ஒருவருக்காவது நகரத்தில் வேலை என்றால் நாங்கள் செய்ததுபோல் மூன்று வருடம் இழுக்காமல், முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பிள்ளை தவழும் முன்பே வந்துவிடுங்கள். என் அம்மா முதலில் மறுத்தார். ஊர்க் கோயிலையும் கிணற்றடியையும் விட்டுவர மனமில்லை. இப்போது வாரத்தில் நான்கு நாள் இங்கே, மூன்று நாள் காரைதீவில்.

கல்லடியில் காணி பார்க்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. 2004 சுனாமியில் நாவலடியும் கல்லடிக் கரையும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஆகையால் கடற்கரையை விட்டு வீதிப் பக்கமாகப் பாருங்கள். ஆவணியில் காய்ந்து கிடக்கும்போது பார்த்து முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். மார்கழியில் அடைமழை விட்ட மறுநாள் போய், வளவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்து, பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.