தனியார் கிளினிக்கில் ஏ.டி.எச்.டி. மதிப்பீடு: பணம் எங்கே பலன் தருகிறது, எங்கே வீணாகிறது

தனியார் கிளினிக்கில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) பார்க்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது இரண்டு விஷயம்: தேதி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், அறிக்கை எப்போது கைக்கு வரும். வருஷக்கணக்கில் தடுமாறியவருக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருப்பதே பாரம்தான், அதனால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கிளினிக்கின் தரம் இந்த இரண்டிலும் தெரியாது. மதிப்பீடு ஓரிரு நாளில் முடிகிற வேலை. சரியான மருந்து எது, எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற டைட்ரேஷன் பல வாரங்கள் ஓடும். முதல் மருந்து ஒத்துவராவிட்டால் மூன்று மாதம்கூட ஆகும். கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைப்பதும், மனம் நொந்து பாதியில் விடுவதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். அதனால் ஒரு கிளினிக்கை எடைபோட வேண்டுமானால் டைட்ரேஷனை எப்படி நடத்துகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆனாலும் மதிப்பீடு மோசமாக இருந்தால் பின்னால் வருவது எல்லாமே சாயும் என்பதால் அதை முதலில் பார்ப்போம். சந்திப்புக்கு முன்பு சில படிவங்கள் வரும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர்.எஸ். கேள்வித்தாள்: மொத்தம் 18 கேள்வி, முதல் 6 வடிகட்டலுக்கு. கூடவே சிறுவயது நடத்தை பற்றி ஒரு படிவமும், வீட்டில் கூட இருப்பவர் நிரப்ப ஒரு படிவமும் வரும். இவை கதவைத் தட்டுகிற வேலையை மட்டும் செய்யும். தூக்கமில்லாத ஒருவரும் கடும் பதற்றத்தில் இருக்கும் ஒருவரும் இதே கேள்வித்தாளில் அதிக மதிப்பெண் எடுக்க முடியும். படிவத்தையும் அரை மணி நேர வீடியோ அழைப்பையும் வைத்து முடிவு சொல்கிற கிளினிக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

நேர்காணல்தான் உண்மையான மதிப்பீடு. நெதர்லாந்தில் உருவான டிவா-5 போன்ற கட்டமைப்பான நேர்காணலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான, 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5இன் அளவுகோலில் கவனக்குறைவுக்கு 9, மிகைச்செயல்பாடு மற்றும் அவசரத்தன்மைக்கு 9 என 18 அறிகுறிகள். 17 வயது நிறைந்தவருக்கு ஏதேனும் ஒரு பிரிவில் 5, அதற்குக் குறைந்தவர்களுக்கு 6 இருக்க வேண்டும். பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, வேலை, படிப்பு, உறவு என்று இரண்டு இடங்களிலாவது அவை தெரிய வேண்டும். வாழ்க்கை அதனால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நல்ல மருத்துவரை ஒரே கேள்வியில் அடையாளம் காணலாம். “பிறர் பேசும்போது கவனம் சிதறுகிறதா?” என்று கேட்டு, “ஆமாம்” என்றதும் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் அது கணக்கெடுப்பு. “கடைசியா எப்போ அப்படி ஆச்சு? எதிரே இருந்தவர் என்ன சொன்னார்? அதனால என்ன நஷ்டம் வந்தது? எட்டு வயசுல, வகுப்பில எப்படி இருந்தீங்க?” என்று நோண்டுகிறவர்தான் மதிப்பிடுகிறார். பழைய மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணைவிட ஆசிரியர் எழுதிய ஒரு வரி பெரிது: “நன்றாகப் படிக்கக்கூடியவள், பகல்கனவு காண்கிறாள்.” துள்ளிக் குதிக்காமல் ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள் பலர் நாற்பது வயதில் முதன்முறையாக மதிப்பீட்டுக்கு வருவதற்கு, அந்த வரியை அன்று யாரும் பொருட்படுத்தாததே காரணம். பெற்றோரைக் கேட்க வழியில்லை என்றால் அண்ணனோ அக்காவோ பள்ளித் தோழியோ பேசலாம்.

கணினி முன்னால் உட்காரவைத்து, பொத்தானை அழுத்தச் சொல்லி, தலை அசைவைக் கேமராவால் அளக்கும் கியூபி டெஸ்டைச் சில இடங்களில் தனிக் கட்டணத்தோடு விற்கிறார்கள். துணைச் சான்றாகப் பயன்படும். அதை மட்டும் வைத்து உண்டு, இல்லை என்று சொல்லக் கூடாது. புதிய இடம், அமைதியான அறை, இருபது நிமிடம் என்றால் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் பலர் அபாரமாகக் கவனம் செலுத்திவிடுவார்கள்.

வேறு காரணங்களைக் கேட்டார்களா என்பது அடுத்த சோதனை. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடையாக இருக்கலாம். தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, பழைய அதிர்ச்சி, கஞ்சாப் பழக்கம் எல்லாம் கவனத்தைக் குலைக்கக்கூடியவை. மிக முக்கியமானது இருமுனை மனநோய். தூக்கமே தேவைப்படாமல் நாட்கணக்கில் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்த காலம் உண்டா என்று கேட்காமல் ஊக்கி (ஸ்டிமுலன்ட்) மருந்து எழுதக் கூடாது. அந்த மருந்து இந்த அளவுமீறிய உற்சாக நிலையை, அதாவது மேனியாவை, தூண்டிவிடலாம். ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதை டி.எஸ்.எம்.-5 ஏற்றுக்கொண்டது. இரண்டில் ஒன்றுதான் இருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறவர் பழைய பாடத்தில் நிற்கிறார்.

சிலருக்கு “உங்களுக்கு இது இல்லை” என்று சொல்கிற கிளினிக்கை நம்பலாம். பணம் கட்டும்போதே நிச்சயம் அறிக்கை கிடைக்கும் என்று உறுதி தருகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

மருந்துக்கு முன் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை மூன்றும் குறிக்கப்பட வேண்டும், குழந்தைகளுக்கு உயரமும். எல்லோருக்கும் இ.சி.ஜி. தேவையில்லை. ஓடும்போது மயங்கி விழுந்தது, பிறவி இதயக் கோளாறு, பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் 40 வயதுக்குள் திடீரென இறந்தது போன்ற வரலாறு இருந்தால் தேவை. கிளாகோமா (கண் அழுத்த நோய்), கர்ப்பம், இப்போது சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாம் கேட்கப்பட வேண்டும். வீடியோ வழிச் சேவை என்றால் பி.பி. கருவியை நீங்களே வாங்க வேண்டிவரும். மேற்கையில் கட்டுகிறதை வாங்குங்கள்; மணிக்கட்டுக் கருவியில் கையை வைக்கிற உயரம் மாறினால் அளவும் மாறும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, இரண்டு முறை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மருந்து. ஊக்கிகள் இரண்டு குடும்பம்: மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின். ஒன்று ஒத்துவராதவருக்கு மற்றது நன்றாக வேலை செய்வது சாதாரணம். யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் சோதனை கிடையாது. சாப்பிட்டுப் பார்த்துத்தான் தெரியும், அதனால்தான் டைட்ரேஷனுக்கு இத்தனை கவனம் வேண்டும்.

மெத்தில்ஃபெனிடேட்டில் பலர் இடறும் இடம், மி.கி. ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்று என்று நினைப்பது. கான்செர்டா மாத்திரையை உற்றுப் பாருங்கள்: சின்ன உருளை, ஒரு முனையில் லேசர் போட்ட ஊசித் துளை. மேல்பூச்சில் 22 சதவீத மருந்து இருக்கிறது, அது உடனே கரையும். மீதி 78 சதவீதம் உள்ளே. வயிற்றுக்குள் நீரை உறிஞ்சி ஒரு அடுக்கு உப்ப உப்ப, மருந்து துளை வழியே மெல்ல வெளியே தள்ளப்படும். காலிக் கூடு அப்படியே மலத்தில் வரும். மருந்து கரையவே இல்லை என்று பயப்பட வேண்டாம். கடித்தாலோ உடைத்தாலோ இந்த ஏற்பாடு கெட்டுவிடும். ரிட்டாலின் எல்.ஏ. கேப்ஸ்யூலிலோ பாதி உடனே, மீதிப் பாதி ஏறக்குறைய நாலு மணி நேரம் கழித்து. கணக்குப் போடுங்கள்: கான்செர்டா 36 மி.கி.யில் காலையில் உடனே கிடைப்பது 8 மி.கி., ரிட்டாலின் எல்.ஏ. 20 மி.கி.யில் 10 மி.கி. எண் சிறியதாக இருக்கும் மருந்துதான் காலையில் ஓங்கி அடிக்கும். ஆனால் அது எட்டு மணி நேரம் போல நிற்கும், கான்செர்டா பன்னிரண்டு மணி நேரம் வரை இழுக்கும். மருந்துக்கடையில் பிராண்டை மாற்றிக் கொடுத்த மாதம் திடீரென்று எதுவும் ஓடவில்லை என்றால் முதலில் பெட்டியைப் பாருங்கள். கான்செர்டாவின் இரண்டு மாற்று மாத்திரைகள் நாளின் பிற்பகுதியில் மருந்தை மெதுவாக விடக்கூடும் என்ற சந்தேகத்தில், அசலுக்குச் சமம் என்று அவற்றுக்கு இருந்த தகுதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் இறக்கியது. நோயாளி சொன்னதெல்லாம் மனப்பிரமை அல்ல.

மெத்தில்ஃபெனிடேட்டின் இன்னொரு பிராண்டான மெடிகினெட்டின் நீண்டநேர வகையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் சீக்கிரமே முழுக்க வெளிப்பட்டு, சீக்கிரமே தீரும். “மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது” என்கிறவரிடம் டோஸை ஏற்றுமுன் காலைச் சாப்பாட்டைப் பற்றி மருத்துவர் கேட்க வேண்டும்.

ஆம்ஃபெட்டமின் குடும்பத்தைச் சேர்ந்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினின் வழி வேறு. மருந்தோடு லைசின் என்ற அமினோ அமிலம் ஒட்டியிருக்கும். இரத்தச் சிவப்பணுக்களில் அது பிரிந்த பிறகுதான் வேலை தொடங்கும். ஏற்றமும் இறக்கமும் மென்மையாக இருப்பது இதனால்தான். பெரியவர்களுக்கு வழக்கமாக 30 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி என்று, அதிகபட்சம் 70 மி.கி. வரை. விழுங்க முடியாதவர் கேப்ஸ்யூலைத் திறந்து தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம்.

டைட்ரேஷனில் எது வந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். கான்செர்டாவில் 18 மி.கி.யிலிருந்து 54க்கு ஒரே தாவாகத் தாவினால், இடையில் 36 பொருந்தியிருக்குமா என்று தெரியவே வராது. தினமும் நாலு வரி எழுதுங்கள்: போட்ட நேரம், வேலை செய்யத் தொடங்கிய நேரம், இறங்கிய நேரம், சாப்பாடும் தூக்கமும். இப்படி:

“36, 7.30க்கு. 8.40க்கு மண்டைக்குள் இரைச்சல் அடங்கியது. மதியம் பசி இல்லை, பாதிச் சாப்பாடு. 5 மணிக்கு எரிச்சல், பிள்ளையிடம் கத்தல். 6.15க்குச் சரி. தூக்கம் 11.30. பி.பி. 124/80, நாடி 82.”

இந்தக் குறிப்பில் டோஸ் தப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. 5 மணி எரிச்சல், மருந்து இறங்கும்போது வரும் ரீபவுண்ட். போடும் நேரத்தை நகர்த்தலாம், நீண்ட நேரம் நிற்கும் வகைக்கு மாறலாம், அல்லது மருத்துவர் மாலைக்கு முன் சிறிய குறுகியகால டோஸ் ஒன்று சேர்க்கலாம். பகல் முழுக்க, மருந்து உச்சத்தில் இருக்கிற நேரத்திலேயே உணர்ச்சி வற்றிப்போய், தாடை இறுகி, இதயம் படபடத்தால் அது அளவு அதிகம் என்பதன் அடையாளம். இரண்டுக்கும் “ஒத்துக்கலை” என்று ஒரே வார்த்தையைச் சொல்லி மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். கேட்க ஆள் இருந்திருந்தால் அவர்களில் பலருக்கு அது சரியான மருந்தாக இருந்திருக்கும். இதை நினைத்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முதல் வாரங்களில் காபியைக் குறையுங்கள், இல்லையென்றால் படபடப்பு எதனால் என்று பிரிக்க முடியாது. பசி போவதற்கு முன், மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மருந்து பலமிழந்ததாகச் சில பெண்கள் உணர்கிறார்கள். சுழற்சி நாளையும் குறித்தால் அந்த வாரத்தை வைத்து டோஸை முடிவு செய்கிற தவறு நடக்காது. நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது, தற்கொலை எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவ உதவி வேண்டும்.

ஊக்கி ஆகாதவர்களுக்கு அட்டாமாக்ஸெட்டின் என்ற ஊக்கியல்லாத மருந்து. பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மி.கி.யில் தொடங்கி 80, அதிகபட்சம் 100. முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம். இரண்டு வாரத்தில் “ஒன்றும் இல்லை” என்று கைவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். கேப்ஸ்யூலைத் திறக்காதீர்கள், தூள் கண்ணை எரிக்கும். ஃப்ளூஆக்ஸெட்டின், பராக்ஸெட்டின், புப்ரோபியான் ஆகிய மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடுகிறவருக்கு, இதைச் சிதைக்கும் கல்லீரல் நொதி தடைபட்டு, இரத்தத்தில் அளவு ஏறும். டோஸை மெதுவாக ஏற்ற வேண்டும். இன்னொரு ஊக்கியல்லாத மருந்தான குவான்ஃபசின் முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. தூக்கம் வரும், இரத்த அழுத்தம் இறங்கும், திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும்.

பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: மதிப்பிடுகிறவருக்கே மருந்து எழுத அதிகாரம் உண்டா (உளவியலாளர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் கிடையாது), டைட்ரேஷன் முழுக்க ஒரே மருத்துவரா, சந்திப்புகளுக்கு நடுவே பக்க விளைவு வந்தால் யார் எத்தனை நாளில் பதில் சொல்வார், ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் தனிக் கட்டணமா. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மதிப்பீட்டுக் கட்டணம் மட்டும்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, டோஸ் நிலைபெற்ற பிறகு சீட்டு எழுதப்போவது யார் என்பது. ஊக்கிகள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள். பல இடங்களில் ஒரு மாத அளவுக்கு மேல் தரமாட்டார்கள், பழைய சீட்டைக் காட்டி வாங்கவும் முடியாது. தனியார் அறிக்கையை ஏற்றுத் தொடர உங்கள் குடும்ப மருத்துவர் சம்மதிப்பாரா என்று மதிப்பீட்டுக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். சம்மதித்தால் கிளினிக் அனுப்பும் கடிதத்தில் எந்த அளவுகோலில் எத்தனை அறிகுறி, யாரிடம் விசாரித்தார்கள், எந்த மருந்து எந்த அளவில் எத்தனை நாள் முயன்றார்கள், ஏன் விட்டார்கள், இப்போதைய பிராண்டும் டோஸும், கடைசி பி.பி., நாடி, எடை, அடுத்த பரிசோதனைத் தேதி எல்லாம் இருக்க வேண்டும். “நோயாளி நன்றாக இருக்கிறார், தொடரவும்” என்று இரண்டு வரி வந்தால் திருப்பி அனுப்பி முழுக் கடிதம் கேளுங்கள்.