33 கேவிக்கு திறந்த யார்டா, ஜிஐஎஸ் பெட்டியா? உப்புக்காத்துல கெடந்தவன் கணக்கு

குளச்சல் பக்கம் கடலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட வராத ஒரு ஆலையில எலக்ட்ரிக்கல் பாக்கேன். 3 வருஷம் முன்னால எங்க 33 கேவி (33,000 வோல்ட்) யார்டை, அதாவது ஸ்விட்ச், கம்பி எல்லாம் வெட்டவெளில நிக்கிற இடத்தை, கழட்டிட்டு ரூமுக்குள்ள ஜிஐஎஸ் பேனல், அதாவது அதையெல்லாம் கேஸ் அடைச்ச டேங்குக்குள்ள வைக்கிற பெட்டி, வச்சோம். எது நல்லதுன்னு கேக்கறவங்ககிட்ட முதல்லயே சொல்லிருதேன், நான் ஜிஐஎஸ் கட்சி.

விலை கூட, இடம் கம்மி. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விடுங்க.

விஷயம் இன்சுலேட்டரோட, அதாவது கம்பியைத் தாங்கி மின்சாரம் வெளிய போகாம தடுக்கிற கட்டையோட, மேல்தோல்ல இருக்கு. யார்டுல அது பீங்கான். மின்சாரம் பீங்கானைத் துளைச்சிட்டுப் போறது அபூர்வம், தோல் மேல ஊர்ந்துதான் போகும். யார்டுல மாசி பங்குனில உப்பு படிஞ்சிட்டே இருக்கும், காஞ்சு கெடக்கிற வரைக்கும் வம்பில்ல, வெடியக்காலம் பனி எறங்கி அது நனைஞ்சதும் லீக்கேஜ் ஓடி அந்த சூட்டுலயே ஒரு பட்டை மட்டும் காஞ்சிரும், அந்தப் பட்டையைத் தாண்டி பொறி குதிக்கும். ஒருநாள் காலைல 5 மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் ஃபோன்ல, "சாரே, யார்டுல மீன் பொரிக்கிற மாதிரி சத்தம் கேக்கு"ன்னார். நான் பைக்கை எடுக்கிறதுக்குள்ள டிரிப்.

33 கேவிக்குப் போடற 36 கேவி கிளாஸ் இன்சுலேட்டருக்கு கேவிக்கு 25 மி.மீ. கணக்குல 900 மி.மீ. கிரீப்பேஜ் (மின்சாரம் தோல் மேல ஊர வேண்டிய தூரம்) இருந்தது, 31 கணக்குல 1116-க்கு மாத்தினோம். டிரிப் குறைஞ்சது, நிக்கல. பெருமழை வந்தா சும்மாவே கழுவி விட்டுரும், சதி பண்றது தூத்தல்தான். மத்தபடி ஷட்டவுன் எடுத்து நாமதான் கழுவணும்.

ஜிஐஎஸ்ல எல்லாம் ஸ்டீல் டேங்குக்குள்ள, மின்சாரத்தைத் தடுக்கிற எஸ்எஃப்6 கேஸ்ல. அதே அழுத்தத்துல காத்தைவிட ரெண்டரை, மூணு மடங்கு வோல்டேஜ் தாங்கும், உப்பு உள்ள வராது. ஆனா உள்ளயும் எபாக்ஸி ஸ்பேசருக்கு (கம்பியைத் தாங்கற பிசின் கட்டைக்கு) ஒரு தோல் இருக்கே. கேஸ், உலோகம், எபாக்ஸி மூணும் சந்திக்கிற ஓரத்துலதான் மின்புலம் குவியும், அங்க சில மி.மீ. நீள உலோகச் சீவல் ஒண்ணு ஒட்டிக்கிட்டாலே போதும், ஈரம் படிஞ்சாலும் அதே கதிதான். யார்டுல ஃபிளாஷ்ஓவர் (தோல் மேல முழுசா பொறி பாயறது) ஆனா பீங்கான் உடையலன்னா துடைச்சு சார்ஜ் பண்ணிரலாம், உடைஞ்சாலும் நம்ம ஆளுங்களே மாத்திருவாங்க. எபாக்ஸில கரித்தடம் விழுந்தா அது தானா ஆறாது, கேஸை உறிஞ்சி எடுத்து டேங்கைத் திறக்கணும், உள்ள கெடக்கிற வெள்ளைப் பொடி விஷம், மாஸ்க், கிளவுஸ் இல்லாம கை வைக்கப்படாது, கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் ஜெனரேட்டர்தான் கதி.

அப்புறம் ஏன் ஜிஐஎஸ்னா, அங்க சுத்தம் ஒரே ஒருநாள் வேலை. 33 கேவில டேங்க் ஃபேக்டரியிலயே சீல் ஆகி வந்துரும், நம்ம கை படுறது பேனலுக்குப் பேனல் இணைக்கிற பஸ்பார் கனெக்டர்லயும் கேபிள் பிளக்லயும்தான். அந்த சிலிகான் பிளக்குக்கும் அது போய் உக்கார்ற எபாக்ஸி கோனுக்கும் நடுவுல ஒரு தலைமுடி மாட்டினா அது வழியாவே டிஸ்சார்ஜ் (சின்னச் சின்ன மின்பொறி) பைய பைய தடம் போட்டுட்டே போகும். அதனால அன்னைக்கு ஃபேனை நிறுத்தி, ஜன்னலை ஒட்டி, வேர்த்து ஒழுக நின்னு ஒவ்வொரு கோனையும் நூல் உதிராத துணியால துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாத்துத்தான் கிரீஸ் போட விட்டேன். தலையில துண்டு கட்டிட்டு வந்த ஒரு தம்பியை வெளிய அனுப்பினேன், இன்னும் கோவமாத்தான் இருக்கான். அதுக்கப்புறம் கேஸ் கேஜ் பாக்கிறதும், வருஷத்துக்கு ஒருக்க டிஸ்சார்ஜ் மீட்டர் வச்சு கேக்கிறதும்தான் வேலை.

எங்களுக்கு 3 வருஷம்தான் ஆகுது, 20 வருஷம் ஓடின சீலைப் பத்தி நான் பேசப்படாது. 110 கேவில நான் கை வச்சதில்ல, அதை சைட்லயே கோர்ப்பாங்க, ஸ்பேசர் திறந்து கெடக்கிற நேரமும் ஜாஸ்தி. எஸ்எஃப்6 வெளிய போனா கார்பன் டை ஆக்சைடைவிட 23,000 மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும், அது உறுத்தலாத்தான் இருக்கு. எஸ்எஃப்6-க்குப் பதிலா காஞ்ச காத்து அடைச்ச ட்ரை ஏர் பேனலும் வருது, இப்ப வாங்கறவங்க விசாரிங்க. ஆரல்வாய்மொழிப் பக்கம் கடல் தள்ளி இருக்கிறவங்களுக்கு யார்டே போதும்.

இன்னொண்ணு, லைன் வந்து எறங்குற டபுள் போல் (ரெட்டைக் கம்பம்) வெளியதானே நிக்கு. அதுல உள்ள பீங்கானை இன்னமும் கழுவிட்டுத்தான் இருக்கோம், அதுக்குப் பெட்டி போட முடியாதுல்லா.