குண்டின் நுனியா, வளைவா: எதை வைத்து அளப்பது?

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்பவர்கள், குண்டு உறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, நீளம் அளக்கும் வெறும் காலிப்பரால் உறையின் அடியிலிருந்து குண்டின் நுனி வரை அளப்பது. இன்னொன்று, காலிப்பரில் கம்பேரட்டர் என்ற துளையுள்ள சிறு துண்டை மாட்டி, அடியிலிருந்து குண்டின் பக்க வளைவு வரை, அதாவது ஓஜைவ் வரை.

நுனி வரை அளக்கக் கூடுதல் கருவி வேண்டாம், கையேடுகள் தருவதும் அந்த எண்தான். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு உச்ச வரம்பு 2.810 அங்குலம். துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் நுழையுமா என்பதும் இதில்தான் தெரியும். சிக்கல் நுனியிலேயே இருக்கிறது: சியரா மேட்ச்கிங் மாதிரி துளைநுனிக் குண்டுகளின் வாய் ஒரே பெட்டியிலேயே ஒன்றுபோல் இருக்காது. குண்டை உறைக்குள் இறக்கும் அச்சான சீட்டிங் டையின் தண்டோ பொதுவாக நுனியை விட்டுவிட்டு வளைவைப் பிடித்துத்தான் அழுத்துகிறது, அதனால் டை ஒழுங்காக வேலை செய்தாலும் காலிப்பர் வேறு வேறு எண் காட்டும், அதை நம்பி டையைத் திருகிக்கொண்டே இருந்தால் இருந்த சீரும் போய்விடும்.

கம்பேரட்டரில் இந்தத் தொல்லை இல்லை. குழலின் உள்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளத்தை முதலில் தொடுவதும் அந்த வளைவுதான். ஆனால் ஒருவர் கருவியில் வந்த எண்ணை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

100 கஜத்தில் மான் சுடுபவருக்கு வெறும் காலிப்பரே போதும், சும்மா காசு செலவழிக்க வேண்டாம். இலக்குப் போட்டி என்றால் ஓஜைவ்தான், நுனியை மேகசினுக்காக மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், குண்டு வரிப்பள்ளத்தில் முட்டினால் அழுத்தம் ஏறும், அப்போது வெடிமருந்தைக் குறைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.